மூன்று மில்லி

“மூணு மில்லி போதும்க்கா” என்று அவள் சொன்னதுதான் தாமதம், கடைக்கார அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

கடலுக்குள் முக்குளிக்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை அது. சுவர் நெடுகக் கறுப்பு ரப்பர் உடைகள் தொங்கின. ரப்பரின் கனம் மெல்லியதில் மூன்று மில்லிமீட்டர், தடிமனானதில் ஐந்து. பனிக்காலம் பிறந்துவிட்டால் மெல்லியதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

அக்கா ஐந்து மில்லி உடையை எடுத்து அவள் மடியிலேயே போட்டாள்.

“இந்த மாசத்துத் தண்ணி பார்க்கத்தான் சாது. கைய விட்டா சுகமா இருக்கும். அரை மணி நேரம் உள்ள இருந்து பாரு, உடம்புல இருக்கிற கதகதப்பை எல்லாம் உறிஞ்சிடும். நீ வேற, ஃபேனை ரெண்டுல வச்சாலே போர்வை தேடுற ஆளு.”

பொய்யில்லை. அவள் அப்படிப்பட்ட உடம்புக்காரிதான்.

ஆறு வருடமாகக் கடலுக்குள் இறங்குகிறவளுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மெல்லியதைக் கேட்டாள்.

அவளுடைய பழைய தடி உடையின் ஜிப் போய்விட்டது. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை படகில் உபரியாகக் கிடந்த மெல்லிய உடையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பாறைகளை நெருங்கும்போதே பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. இரண்டு கைகளையும் குறுக்கே கட்டிப் புஜங்களைத் தேய்த்துக் காட்டினாள். தண்ணீருக்கடியில் அதற்கு அர்த்தம், குளிர்கிறது.

ஜோடியாக வந்தவன் உடனே பக்கத்தில் வந்து அவளைப் பிடித்துக்கொண்டான்.

மேலே வரும் வழியில், ஐந்து மீட்டர் ஆழத்தில், மூன்று நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். முக்குளிப்பவர்கள் யாரும் மீறாத விதி அது. அந்த மூன்று நிமிடமும் பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் அவளை அணைத்தபடி நின்றான். அவன் விட்ட மூச்சு குமிழ் குமிழாக அவள் காதோரம் போனது.

அவன் வேறு யாருமில்லை, அவள் கணவன்தான்.

கட்டிய மனைவியைப் பிடித்துக்கொண்டதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அதிசயம்தான். மழைக்காலத்திலிருந்து அவன் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறான். இவள் வீட்டில் தனியாக இருக்கிறாள்.

சண்டை சமையலறைக் குழாய் ஒழுகியதில் ஆரம்பித்தது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் சரிபண்ணுகிற மெக்கானிக்குக்குச் சொந்த வீட்டுக் குழாயைப் பார்க்க நேரமில்லை என்றாள் இவள். அவன் ஒன்று சொல்ல, இவள் ஒன்பது சொல்ல, கடைசியில் இரண்டு வீட்டுப் பெரியவர்களின் தலையும் உருண்டது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். யார் முதலில் பேசுவது என்கிற வீம்பில் மாதங்கள் ஓடிவிட்டன.

படகுக்காரருக்கு இது தெரியாது. இருவருமே சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு ஒவ்வொரு ஞாயிறும் இருவரையும் ஜோடியாக இறக்கிவிடுகிறார்.

அன்றைக்குப் படகில் ஏறியதும் அவன் கையை எடுத்துவிட்டான். துண்டை நீட்டினான். அத்தோடு சரி, ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜோடிக்குக் குளிரெடுத்தால் பிடித்து மேலே கூட்டிவர வேண்டும் என்று பயிற்சியிலேயே சொல்லித்தருகிறார்கள். அதற்காகப் பிடித்தானா, இல்லை, அவள் என்பதற்காகப் பிடித்தானா?

வாரம் முழுக்க இதே நினைப்பு. வேலை செய்யும் கண்ணாடிக் கடையில், வருகிறவர்களின் மூக்கில் ஃபிரேமை வைத்துப் பார்த்துக்கொண்டே இதைத்தான் யோசித்தாள். ஒருவருக்கு இன்னொருவரின் கண்ணாடியை மாட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

எதற்காகப் பிடித்தால் என்ன? அந்த மூன்று நிமிடம் அவளுக்கு மறுபடியும் வேண்டும். ராத்திரியில் படுக்கையில் புரளும்போது தன் கைகளாலேயே தன் தோள்களைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அது அதுவாக இல்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குக் குளிர வேண்டும்.

அதைக் கடையில் சொல்ல முடியுமா?

“தடியா இருந்தா கைகால் வீச வரலைக்கா” என்று மட்டும் சொன்னாள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு மெல்லிய உடையை மடிக்க ஆரம்பித்தாள். மடித்த வேகத்தில் ஆற்றாமை தெரிந்தது.

“வீட்ல ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுத்தான் வர்றீங்களா? முந்தாநாள் உன் வீட்டுக்காரரும் வந்து இதே மூணு மில்லியத்தான் வாங்கிட்டுப் போனாரு. போன வருஷம் எடுத்த தடி டிரஸ் என்னாச்சுன்னு கேட்டேன். நல்லாத்தான் இருக்குங்கிறாரு. அப்புறம் எதுக்குய்யா இதுன்னா, தலையச் சொறியறாரு.”



அவனுக்குக் குளிரே தெரியாது. பனிக்காலத்திலும் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வேலைக்குக் கிளம்புகிறவன்.

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடுகிறவள் போல வெகுநேரம் துழாவினாள். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது.

மடித்து வைத்த மெல்லிய உடையை அக்காவின் பக்கமே தள்ளினாள்.

“தடியானதையே குடுங்கக்கா. ரெண்டு பேருமா நடுங்கினா, யாரு யாரைப் பிடிச்சுக்கிறது?”