டேங்க் மூடி

மேட்டில் பாதி ஏறிய லாரி மறுபடியும் அணைந்து நின்றுவிட்டது.

பின்னாலேயே பைக்கில் வந்த நான் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் வந்திருந்தேன்.

பின்னே என்ன? நான் மாட்டிக்கொடுத்தது டூப்ளிகேட் டீசல் பம்ப் என்று லாரி ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சொன்னது யாரோ எவரோ இல்லை. என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை!

ஊரான் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம். மெக்கானிக்கின் வீட்டு மாப்பிள்ளையே சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அதற்கப்புறம் ஒரு லாரிகூட என் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இருக்கிற பேரும் போய்விட்டால் நான் ஸ்பானரை வைத்துக்கொண்டு முதுகா சொறிவேன்?

மலை ரோட்டில் கனமான லோடு ஏற்றப் போகிறீர்கள், பழைய பம்ப் தாங்காது, பெரிதாகப் போட்டுவிடுங்கள் என்று சொன்னது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கம்பெனிப் பெட்டியை அவர் கண் முன்னால்தானே பிரித்தேன்?

மாட்டிய நாளிலிருந்து ஒரே பாட்டு. கிளம்பும்போது குதிரை மாதிரி ஓடுகிறது. கொஞ்ச தூரம் போனதும் டீசல் வராமல் திக்கித் திணறி அணைந்துவிடுகிறது. சரி, பட்டறைக்குக் கொண்டுவாருங்கள் என்றால், அங்கே ஒன்றுமே நடக்காதது போல ஓடி என் மானத்தை வாங்குகிறது.

ஃபில்டரை மாற்றினேன். டியூபை மாற்றினேன். டியூபில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் லாக் எடுத்தேன். இதற்கு மேல் என்ன, என் ஈரலையா கழற்றி மாட்டுவது?

மாப்பிள்ளை இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்? நான் ஆரம்பித்தேன். ஸ்டாண்டில் அவர் சொன்னது, யார் யார் சிரித்தார்கள், யார் வண்டியை எங்கே திருப்பினார்கள், எல்லாவற்றையும் வரிசையாக அவிழ்த்துவிட்டேன்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க மச்சான்" என்றார்.

எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! என் பேரை நாறடிக்கும்போது மெதுவாகவா பேசினார்?

"நான் எதுக்கு மெதுவா பேசணும்? திருட்டு பம்ப் வித்தவன் பேசட்டும் மெதுவா! ரோட்டுல போறவன் எல்லாம் கேக்கட்டும்!"

அவர் உள்ளங்கையைத் தாழ்த்தித் தாழ்த்திச் சைகை காட்டினார். அதைப் பார்த்ததும் நான் குரலை இன்னும் உயர்த்தினேன்.

கத்திக்கொண்டே டேங்க் மூடியைப் பிடித்தேன். வண்டி நின்றால் டீசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பட்டறையிலும் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் செய்தேன்.

மூடி வர மறுத்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத் திருகினேன். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது.

அப்படியே நின்றுவிட்டேன்.

டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காகவே மூடியில் ஒரு பொடித் துளை உண்டு. அது அடைபட்டால் எவ்வளவு பெரிய பம்ப் போட்டாலும் டீசல் ஏறாது. அடக் கடவுளே, பட்டறையில் நான் மூடியைத் திறந்து பார்த்ததே வைத்தியமாகப் போயிருக்கிறது! பட்டறைச் சத்தத்தில் இந்த உஸ் என் காதில் விழவில்லை.

மூடியைத் திருப்பினேன். துளை நிறையச் சோப்பு.

டேங்க் ஒழுகினால் சோப்பை அப்பி அடைப்பது எல்லா லாரிக்காரர்களும் செய்வதுதான். மூச்சு விடுகிற துளையில் கொண்டுபோய் அப்பிய ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

"இதுக்கா என்னை டூப்ளிகேட்டுன்னு சொன்னீங்க? எந்தப் புண்ணியவான் பாத்த வேலை இது?"

கேபினுக்குள் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

கதவு திறந்தது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் தங்கை இறங்கினாள். வீட்டில் இருக்கிறேன் என்றுதான் நேற்றுகூடப் போனில் சொன்னாள்.

"நான்தாண்ணா. ராத்திரி வண்டியில படுத்தா டீசல் வாடை பாப்பாவுக்கு ஒத்துக்கல. அதான் ஓட்டைய அடைச்சேன்."

ராத்திரி வண்டியில் எதற்குப் படுக்க வேண்டும்?

மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி சொன்னார். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டார்களாம். திரும்பி வந்த அட்வான்ஸில்தான் பம்ப் வாங்கினாராம். மலை லோடு ஒழுங்காகக் கிடைத்தால் சீக்கிரமே வேறு வீடு பார்த்துவிடலாம் என்று நினைத்தாராம். வண்டியோ பாதி வழியில் நின்றுகொண்டே இருந்திருக்கிறது.

கேபினுக்குள் எட்டிப் பார்த்தேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டவ், இரண்டு பாத்திரம், குறுக்கே கட்டிய கயிற்றில் குழந்தையின் ஈரத்துணி. திரும்பி இரண்டு பேரையும் பார்த்துக் கத்தினேன்.

"ஏன், என் வீடு என்ன இடிஞ்சா கிடக்கு? கூடப் பொறந்தவன் நான் செத்தா போயிட்டேன்? பிள்ளையத் தூக்கிட்டு நேரா அங்க வர்றதுக்கு உங்க ரெண்டு பேருக்கும் என்ன கேடு?"

குழந்தை நடுங்கி இன்னும் உரக்க அழுதது. தங்கை அதன் காதைப் பொத்தி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இந்தக் கத்தலுக்குப் பயந்துதாண்ணா வரல."