பின்கட்டுப் பொம்மை

"ஊர்ல இருக்கிற தச்சனெல்லாம் கதவு, ஜன்னல்னு போடறான். நீ என்னடான்னா ரெண்டு மாசமா பொம்மை வூட்டைச் சுரண்டிக்கினு குந்தியிருக்கிற. வெக்கமா இல்ல?"

என் பொண்டாட்டி சவுரியம்மா, காலனிக்கே கேக்கற மாதிரி கத்தினா.

"வாய மூடுடி. எல்லாம் லூர்துமேரிக்காகத்தான்"னேன்.

லூர்துமேரி எங்களுக்கு ஒரே பொண்ணு. டீச்சர் ட்ரெயினிங் முடிச்சிட்டு மூணு வருஷமா வூட்ல கெடக்குது. கடலூர் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சி வெச்சதோட சரி, ஒரு கார்டு வரல. படிக்க வெச்சது தப்போன்னு நானே சில நாளு நெனைச்சிருக்கேன்.

அப்பதான் பாண்டுரங்கன் ஐயா கூப்ட்டு அனுப்பினாரு. திண்டிவனத்துல ஸ்கூல் நடத்தறவரு. மேடை ஏறினா ஜாதி ஒழியணும்னு தொண்டை கட்டற வரைக்கும் பேசுவாரு. எனக்கு அவரு மேல அவ்ளோ மரியாதை.

"சவுரிராயா, இந்தப் பொம்மை வூட்டைப் பாரு. எங்க தாத்தா தன் பொண்ணு வெளையாட, புதுச்சேரி ஆளுங்கள வெச்சி செஞ்சது. எங்க பழைய வூடு அப்பிடியே அச்சு அசல். எவனோ புத்திகெட்டவன் பச்சை பெயின்ட்ட அப்பி நாசம் பண்ணிட்டான். ஸ்கூல் பொன்விழாவுக்குக் கலெக்டர் வர்றாரு. அவருக்குக் காட்டணும். இந்தா அந்தக் காலத்துப் போட்டோ. இதுல எப்பிடி இருக்குதோ அப்பிடியே வேணும். ஒண்ணு கூடக் கொறையக் கூடாது."

"செஞ்சிடறேங்கய்யா. நம்ம பொண்ணு விஷயம்..."

"நீ இதை முடி. உம் பொண்ணுக்கு நம்ம ஸ்கூல்ல வேலை. இது என் வாக்கு."

வேற என்னங்க வேணும் எனக்கு?

காஸ்டிக் சோடா போட்டா பெயின்ட் ஜல்தியா வந்துடும், ஆனா தேக்கு கறுத்துப் போவும். அதனால கண்ணாடிச் சில்லால கொஞ்சம் கொஞ்சமா சுரண்டினேன். அஞ்சு பூச்சுக்கு அடியில தேக்கு பளிச்சினு தெரிஞ்சப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சி. நகம் அளவுக்கு ஓடு சுட்டு கூரை வேஞ்சேன். முற்றத்துத் தூணுக்கெல்லாம் அரக்கு பாலிஷ் போட்டேன்.

போட்டோவுல பின்கட்டுல ஒரு பொம்பள பொம்மை இருந்துச்சி. குனிஞ்சி, கையில தொடப்பத்தோட. நெஜ பொம்மை எப்பவோ தொலைஞ்சி போச்சாம். சரின்னு நானே செதுக்கினேன்.

எங்கம்மா சாகற வரைக்கும் ஐயாவோட அந்தப் பழைய வூட்டுத் தோட்டத்தைத்தான் பெருக்கினா. செதுக்கி முடிச்சிட்டுப் பாக்கறேன், அம்மா முதுகு அப்பிடியே வந்திருக்குது. பாழாப்போன கை, வேற எதைத்தான் செதுக்கும்?

விழாவுக்கு மொத நாள் ஸ்கூலுக்குக் கொண்டு போனோம். லூர்துமேரியும் ஒரு பக்கம் புடிச்சிக்கினு வந்துச்சி.

ஐயா சுத்திச் சுத்திப் பார்த்தாரு. "அடேயப்பா! ஊஞ்சல் கூட ஆடுதே! கை இல்லய்யா உனக்கு, தங்கம்!"

பின்பக்கம் வந்தாரு. மூஞ்சி சுருங்கிப் போச்சி.

"இது எதுக்கு?"

"போட்டோவுல இருக்குதுங்கய்யா."

"அப்ப இருந்துச்சி, சரி. எந்தக் காலத்துல இருக்கிறோம்? கலெக்டர் பாத்தா என்னைப் பத்தி என்ன நெனைப்பாரு? எனக்கு இதைப் பாக்கவே மனசு கஷ்டமா இருக்குது. எடுத்துடு."

லூர்துமேரி சும்மா இல்ல. "இருந்தத எதுக்குங்க சார் மறைக்கணும்? பெருக்கினவங்களும் அந்த வூட்ல இருந்தவங்கதான?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. கையில வர்ற வேலையைக் கெடுத்துக்கும் போலருக்குதே!

"நீ கம்முனு இரும்மா. சின்னப் பொண்ணுங்கய்யா, மனசுல வெச்சிக்காதீங்க"ன்னு சொல்லிக்கினே பொம்மையப் புடிச்சிருந்த ஆணியப் புடுங்கினேன். ஓட்டைக்கு மரத்தூள் மக்கு வெச்சி அடைச்சி, எங்கம்மாவ வேட்டி மடிப்புல சொருவிக்கினேன்.

வூட்டுக்கு வர்ற வழியெல்லாம் பொண்ணு எனக்கு முன்னால வெடுவெடுன்னு நடந்துச்சி.

"ஒரு மரத்துண்டுக்காவ மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு வர்றியே. வாழ்க்கைய பாரும்மா"ன்னேன்.

மறுநாளு கலெக்டர் அந்த வூட்டைப் பாத்து அசந்துட்டாரு. ஐயா மைக்கைப் புடிச்சாரு.

"இதுக்கு உயிர் கொடுத்தவர் நம்ம சவுரிராயன். அவருக்கு மாலை போட்டா மட்டும் போதுமா? போதாது! அவர் மகளுக்கு இதே பள்ளிக்கூடத்தில் வேலை! பேசுவது மட்டுமல்ல சமத்துவம், செய்து காட்டுவதுதான் சமத்துவம்!"

கைதட்டல் அடங்கவே இல்ல. சவுரியம்மா முந்தானையால கண்ணைத் தொடச்சிக்கினு, "உன்னைப் போயி திட்டினேனேய்யா"ன்னா.

லூர்துமேரி மேடை ஏறி கவரை வாங்கிக்கினு வந்துச்சி. பிரிச்சிப் படிச்சது. திரும்பவும் படிச்சது.

"எத்தினியாங் கிளாஸும்மா குடுத்திருக்காரு?"

பேப்பரை என் கையில குடுத்துட்டு தரையப் பாத்துக்கினு நின்னுச்சி. அது இங்கிலீஷு. எனக்கு என்ன தெரியும்?

"சொல்லும்மா, ஒண்ணாங் கிளாஸா, ரெண்டாங் கிளாஸா?"

அதுக்குள்ள ஐயாவே சிரிச்சிக்கினே கீழ இறங்கி வந்தாரு. என் தோள்ல கை போட்டாரு.

"இப்ப திருப்தியா சவுரி? ஏம்மா, நாளைக்கிக் காலையில ஆறரைக்கெல்லாம் வந்துடு. பசங்க வர்றதுக்குள்ள அத்தினி கிளாஸும் பெருக்கி முடிச்சிடணும்."