பத்து டிகிரி நடுக்கம்

“நாஸிம் நானா, நீங்கள் செய்த எஞ்சின் ரியூனிங்கைத் திருப்பிக் கெடுத்துத் தாங்கோ.”

நாஸிம் நிமிர்ந்தார். புளியங்குளத்தில் கராஜ் போட்ட ஒன்பது வருடத்தில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

“என்ன தம்பி, கார் பிழையா ஓடுதோ?”

“இல்லை. அருமையா ஓடுது. அதுதான் பிரச்சினை,” என்றான் நிஷாந்தன். கண்கள் சிவந்திருந்தன. சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருந்தான்.

“போன கிழமை நீர்தானே சொன்னீர், நிண்ட இடத்தில கார் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குது எண்டு?”

“சொன்னனான். அந்த நடுக்கம் திரும்ப வேணும்.”

நாஸிம் சிரித்தார். நிஷாந்தன் சிரிக்கவில்லை.

“மூண்டு நாளா நித்திரை இல்லை, நானா. இண்டைக்கும் சரிவராட்டி சுமித்திரா என்னை வீட்டுக்குள்ள எடுக்க மாட்டா.”

“உம்மட மனுசிக்கு நடுங்கிற கார்தான் பிடிக்குமோ?”

“இப்ப சொன்னால் சிரிப்பியள். முதல்ல செய்யுங்கோ.”

நாஸிமுக்கு ரோசம் வந்தது.

“தம்பி, இந்த எஞ்சின் வால்வு திறக்கிற நேரத்தைத் தானே மாத்திக்கொள்ளும். ஊத்தை எண்ணெயால அது பிசகி நிண்டது. அதைத் துப்புரவாக்கி, பெற்றோலையும் ஸ்பார்க்கையும் அதுக்கேத்த மாதிரிப் பொருத்த எனக்கு இரண்டு நாள் எடுத்தது. இப்ப போனட்டில தண்ணிக் கிளாசை வைச்சாலும் அசையாது.”

“அதைத்தான் சுமித்திராவும் சொன்னவா. நல்ல குரலில இல்லை.”

நாஸிம் பெருமூச்சு விட்டார். காரை வெளியே பாலை மரத்தடியில் விட்டு, லப்டொப்பை இணைத்தார். நின்ற நிலையில் ஓடும்போது வால்வு ஐந்து டிகிரி முந்தித் திறக்குமாறு மாற்றினார்.

கார் இலேசாக அதிர்ந்தது.

நிஷாந்தன் ஸ்டியரிங் பக்கமே போகவில்லை. பின்கதவைத் திறந்து, பின் சீற்றில் உள்ளங்கையை வைத்துக் கண்களை மூடினான்.

“இந்த நடுக்கம் காணாது.”

“சீற்றுக்கு ஏன் நாடி பிடிக்கிறீர்?”

“இன்னும் கொஞ்சம், நானா.”

பத்து டிகிரி. எஞ்சின் குலுங்கியது. விக்கியது. நிற்கப் பார்த்தது. நாஸிம் பெற்றோலைச் சற்றுக் கூட்டினார். ஸ்பார்க்கை இரண்டு டிகிரி முந்த வைத்தார். எஞ்சின் நிற்கவில்லை. ஆனால் பின்னால் நம்பர் பிளேட் கடகடவென்று அடித்தது.

“அந்தச் சத்தம்! அதேதான்!” நிஷாந்தன் துள்ளினான்.

“பெற்றோல் கூடக் குடிக்கும்.”

“குடிக்கட்டும்.”

“ஆர் செய்த ரியூனிங் எண்டு ஆரும் கேட்டால்?”

“உங்கட பேரைச் சொல்ல மாட்டன். சத்தியம்.”

“சொன்னீரோ, நான் கராஜைப் பூட்டிப்போட்டு மல்லாவியில மாடு மேய்க்கத்தான் போகோணும்.”

நிஷாந்தன் அதற்குள் போனை எடுத்திருந்தான். “கெதியா வாரும். நடுக்கம் வந்திட்டுது,” என்றான்.

பிறகு முன் சீற்றில் ஏறிச் சாய்ந்தான். நாஸிம் தான் பாழாக்கிய எஞ்சினைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

கால் மணித்தியாலத்தில் ஓட்டோ ஒன்று வந்தது. ஓட்டோக்காரன் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தான். சுமித்திரா இறங்கினாள். தோளுக்கு ஒன்றாக இரண்டு குழந்தைகள். மூன்று மாதம் இருக்கும். இரண்டும் வீரிட்டு அழுதன.

அவள் நேரே காருக்கு வந்தாள். இரண்டையும் பின் சீற்றில் கிடத்தி, பக்கத்தில் அமர்ந்தாள். கார் குலுங்கியது. நம்பர் பிளேட் கடகடத்தது. ஒரு குழந்தை அழுகையை நிறுத்தி ஒருமுறை விக்கியது. மற்றது திறந்த வாயோடு அப்படியே கண்ணை மூடியது.

நாஸிம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். “தம்பி, இதை முதலே சொல்லியிருக்கலாமே?”

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து நிஷாந்தன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

நாஸிமின் கை சாவியை நோக்கிப் போனது.

“நானா, எஞ்சினை நிப்பாட்டிப்போடாதேங்கோ,” என்றாள் சுமித்திரா, தானும் கண்களை மூடிக்கொண்டே.