வெள்ளரித் தோட்டத்தில் விசாரணை

"ஏட்டி ஞானபாய், கூடையைத் தொடாத! அப்படியே தள்ளி நில்லு!"

கணபதியப்பன் போட்ட சத்தத்தில், வெள்ளரிக்காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் அவர். கூலிக்காரிகளை அதட்ட அவருக்குக் காரணம் வேண்டியதில்லை. ஆனால் இன்று காரணம் இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்திருந்தார்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாகி மூன்றாவது கோடை அது. பக்கத்து ஊர்களில் வாந்திபேதி கண்டிருந்தது. பச்சையாகத் தின்கிற காய் எதுவானாலும், சுகாதார இன்ஸ்பெக்டர் தோட்டத்தைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் கொட்டாரம் சந்தைக்குள் விடுவார்கள்.

இன்ஸ்பெக்டர் குலசேகரன் சட்டங்களை மனப்பாடமாக ஒப்பிப்பார். குளத்துத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் காயைத் தொடக் கூடாது. வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் தோட்டத்துப் பக்கமே தலைகாட்டக் கூடாது.

முதல் இரண்டிலும் கணபதியப்பன் எப்படியோ தேறிவிட்டார். கிணறு இருந்தது. சோப்பும் இருந்தது, உறை பிரிக்காமலே.

"பிரிச்சு வையும் ஓய்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் மூன்றாவது சட்டத்துக்கு வந்தார். அதில்தான் ஞானபாய் மாட்டிக்கொண்டாள்.

"நானே கண்ணால பாத்தேன் சார். காலையில இருந்து மூணு தடவை அந்தத் தாழம்புதருக்குப் பின்னால போயிட்டு வந்துட்டா. நேத்தும் போனா. வயித்தால போகாம, பின்ன பூப்பறிக்கவா போவா?"

சொல்லிக்கொண்டே கணபதியப்பன் வேறொரு கூடையில் கையை விட்டு, பிஞ்சாக ஒன்றைத் தடவிப் பார்த்து எடுத்தார். தோலைச் சீவி, உப்புத் தூவி இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். காய் பொறுக்குவதில் அவர் யாரையும் நம்ப மாட்டார். சந்தைக்குப் போகிற ஒவ்வொரு காயும் அவர் கைபட்டுத்தான் போகும்.

இன்ஸ்பெக்டர் அதைக் கடித்தபடியே கேட்டார். "உள்ளதாம்மா? வயித்துக்கு என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சாரே. நல்ல சொகமாட்டு இருக்கேன்."

"பின்ன அங்க என்னத்துக்குப் போன?"

ஞானபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லேன் மக்கா. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்றாள் பக்கத்துப் பாத்தியில் நின்ற தாணம்மாள்.

பாவம், இந்த வேலை போனால் ஞானபாய்க்குக் கதி கிடையாது. புருஷன் தங்கையன் பனையிலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து கிடக்கிறான். வெள்ளரி ஓயும் வரை கிடைக்கிற இந்தக் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"இங்க பாரு, இதுல நாணப்பட ஒண்ணுமில்ல" என்றார் இன்ஸ்பெக்டர். "ஒருத்தர் மறைச்சா பத்து வீட்டுல எழவு விழும். அதுக்குத்தான் கேக்கேன்."

"நான் ஒண்ணும் மறைக்கல்ல சாரே."

"இவகிட்ட என்ன பேச்சு சார்?" கணபதியப்பன் குறுக்கே விழுந்தார். "ஏட்டி, நாளையில இருந்து நீ வேலைக்கு வரண்டாம். இந்த வருசம் மட்டுமில்ல, இனி எந்த வருசமும் என் வரப்பை மிதிக்கப்படாது. இவ பறிச்ச காய் அம்புட்டையும் குழி வெட்டிப் பொதைச்சிருகேன் சார். நட்டம் வந்தா வரட்டும். எனக்கு ஊர்க்காரன் உசிருதான் பெருசு."

இன்ஸ்பெக்டர் அப்படியே நெகிழ்ந்துபோனார்.

"உம்ம மாதிரி நாலு தோட்டக்காரங்க இருந்தா, எனக்கு இங்க சோலியே இருக்காது" என்றபடி சீட்டுப் புத்தகத்தை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

ஞானபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. கணபதியப்பனை நோக்கி ஒரு எட்டு வைத்தாள்.

"ஐயா, ஒரு வார்த்தை... தனியா சொல்லுகேன். அந்த மாமரத்துக்கிட்ட வாங்க."

"தனியா என்னட்டி தனியா? காலைப் பிடிச்சு அழுது காரியம் சாதிக்கலாம்னு பாக்கியா? எனக்கு ஒளிவும் கிடையாது, மறைவும் கிடையாது. சொல்லுகதை சார் முன்னால, இத்தனை பேரு முன்னால சொல்லு."

"வேண்டாம் ஐயா."

"சொல்லுட்டி!"

ஞானபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பறிக்கிற கைகள் எல்லாம் நின்றுவிட்டிருந்ததால் எல்லோருக்கும் தெளிவாகவே கேட்டது.

"நாலு நாளா ஐயா ஓடி ஓடிப் போயிட்டு வாற எடமும் அந்தத் தாழம்புதருக்குப் பின்னாலதான், வெள்ளரிப் பாத்திக்கு மேட்டுல இருக்கு. ஒரு மழை பெஞ்சா அம்புட்டும் கீழ எறங்கீரும்லா? அதாக்கும் நான் பொறத்தால போயி, மண்ணை வெட்டிப் போட்டு மூடிட்டு வாறேன். ஐயாவுக்கு ஒரு கொறச்சல் வந்திரப்படாதேன்னு யாருட்டயும் சொல்லல்ல."