இருபத்திரண்டு வருஷம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த சலோமியிடம் ரோஸ் பேச்சுக் கொடுத்தாள்.

"இதுக்கு முன்ன எங்க இருந்தீங்க?"

"வேலூர் பொம்பளைங்க ஜெயில்ல. இருபத்திரண்டு வருஷம்."

தையல் மிஷின்கள் அத்தனையும் நின்றுபோயின.

சாப்பாட்டு மணி அடித்ததும் சலோமி எழுந்து எல்லோர் தலையையும் எண்ணினாள். கதவின் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"கொலைதான்" என்றாள் பக்கத்து மிஷின் அன்வரி.

"ரெண்டு கொலை. ஒண்ணுக்கு இவ்ளோ ஜாஸ்தி குடுக்க மாட்டாங்க" என்றாள் ரோஸ்.

பெண்கள் கம்மல், செயின், வளையல் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு சூப்பர்வைசர் ஜெயபுஷ்பத்திடம் ஓடினார்கள். அவள் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"இன்னாடி இதெல்லாம்?"

"அந்தம்மா ஜெயில்ல இருந்தவங்கக்கா!"

ஜெயபுஷ்பம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அவங்க அங்க வார்டருடி! ரிட்டயர் ஆயி வந்திருக்காங்க. எனக்கு அங்க மிஷின் கத்துக்குடுத்து, இந்த வேலைக்கு லெட்டர் குடுத்ததே அவங்கதான்."

"உங்களுக்கா? நீங்க எதுக்குக்கா அங்க போனீங்க?"

சிரிப்பு நின்றது.

"நாலு வருஷம் உள்ள இருந்தேன். நகை திருடினேன்."

எல்லோருடைய கண்ணும் பீரோவின் மேல் போனது. ஜெயபுஷ்பம் சாவியை ரோஸிடம் நீட்டினாள்.

ரோஸ் அதை வாங்கவில்லை. விரலில் மிச்சமிருந்த மோதிரத்தை முறுக்கி முறுக்கிக் கழற்றினாள்.

"பசை பட்டு கறுத்துப் போவுதுக்கா. இதையும் உள்ள வைங்க."