சேற்றுக்குக் கீழே இருந்த எண்

ஜல்லி லாரியின் பின்பக்கத்தில் அவசரத்துக்கு மாட்டிய டயர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பார்வைக்கு மற்ற டயர்களைப் போலத்தான் இருக்கும். ஆனால் தாங்கும் எடை குறைவு. அந்த எடை அதன் விலாவிலேயே எண்ணாகப் பதிந்திருந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, வழியில் கண்ட சேற்றையெல்லாம் டயர் விலாவில் அப்பிக்கொண்டது.

"தம்பி, முடியுதா?" என்று பக்கத்து டயர் கேட்கும்.

"இதெல்லாம் ஒரு பாரமாண்ணே?" என்று சொல்லிவிடும். உள்ளே கம்பியெல்லாம் கொதிக்கும். கிளம்பும்போது அடியில் வைக்கிற எலுமிச்சம்பழம் நசுங்கினால், அடுத்தது நாம்தான் என்று அதற்குத் தோன்றும்.

ஒருநாள் லாரி எடைமேடையில் ஏறி நின்றது.

"உன் விலாவுல என்ன?" என்றது மேடை.

"சேறு."

"சேத்துக்குக் கீழே?"

டயர் சேற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மேடையே தொடர்ந்தது:

"எனக்கும் ஒரு அளவு இருக்கு. அதுக்கு மேல ஏத்தாதேன்னு வாசல்லயே பலகை மாட்டியிருக்கேன். இதுல என்ன வெட்கம்?"

இறங்கும்போது டயர் மேடையின் விளிம்பில் விலாவை உரசியது. சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. சுற்றிப் பார்க்க இறங்கிய டிரைவர் மரியசூசை எண்ணைப் படித்துவிட்டு நெஞ்சில் கைவைத்தார். அங்கேயே ஜாக்கியை எடுத்தார்.

இப்போது அந்த டயர் பொரி மூட்டை ஏற்றும் வண்டியில் ஓடுகிறது. முதல் நாள் அங்கிருந்த டயரும் அதையே கேட்டது.

"தம்பி, தாங்குவியா?"

"விலாவைப் பாருங்கண்ணே," என்றது டயர்.