கதிர் படாத ரத்தம்

ஏழு மாத வயிறு மேஜையில் இடிக்காமல் ஒதுங்கி உட்கார்ந்து, ஆராய்ச்சிக்காரம்மா மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.

"காமா கதிர் மட்டும் பட்ட ரத்தம் இது. செல்லுல அடிபட்ட இடத்துல ஒரு புள்ளி மின்னும். காயம் ஆற ஆற அது மறைஞ்சிடும்."

"நியூட்ரான் கதிரும் சேர்ந்து பட்டா?" என்றார் ரத்தத்தில் கதிர் பாய்ச்சும் மெஷினை ஓட்டுகிறவர்.

"பட்ட காலிலேயே படற கதைதான் அண்ணே. கொத்தனார் ஒரு விரிசலைப் பூசுறதுக்குள்ள சுவரே பிளந்த மாதிரி. புள்ளியெல்லாம் திட்டுத்திட்டா அப்படியே நிக்கும்."

அடுத்த கண்ணாடித் தட்டைப் பார்த்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"தட்டை மாத்தி வச்சிட்டீங்களா? கதிரே படாத ரத்தம்னீங்க. உள்ளே பூரா திட்டா இருக்கு!"

"சத்தியமா இல்லம்மா. அது ஒப்பிட்டுப் பார்க்க நம்ம ராத்திரி வாட்ச்மேன் இன்னிக்குக் காலையில கொடுத்த ரத்தம். மெஷின்ல வைக்கவே இல்ல."

வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வாட்ச்மேனை உள்ளே கூப்பிட்டார்கள்.

"மெஷின் ரூமுக்குள்ள போனீங்களா?"

"அந்த வாசப்படியைக்கூட மிதிச்சதில்லம்மா. விடிய விடிய ஒரே நாற்காலிதான்."

"எந்த நாற்காலி?"

வாட்ச்மேன் சிரித்தார்.

"பிள்ளைத்தாச்சி மெஷின்கிட்ட போகக் கூடாதுன்னு உங்களை இந்தச் சுவரோரமா உட்கார வச்சாங்களே, இதேதான். பகல்ல நீங்க, ராத்திரி நான்."

ராப்பகலாக ஓடும் மெஷின் சுவருக்கு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.